மொட்டை மாடியில் ஏறிப் பார்த்த தென்னை

பெங்களூரு விவேக் நகரில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிலும் வியாழக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். குழந்தை இயேசு ஆலயத்துக்கு நவநாள் ஜெபத்துக்கு வருகிறவர்கள் வண்டியை எங்கே சொருகலாம் என்று சந்து சந்தாகத் தேடிக்கொண்டு போவார்கள். அப்படியொரு மார்ச் மாத வியாழன், காலை 10 மணி. ஆலயத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு குறுக்குத் தெருவில் இரண்டு கார் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. கிட்டே போனதும் காரணம் புரிந்தது. தார் ரோடு அந்த இடத்தில் மட்டும் கூடுதல் கறுப்பாக மினுங்கியது. கால் வைத்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு 'சப் சப்' என்று பிரிந்தது. நிமிர்ந்தால், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே கவிந்து நின்றது ஒரு செவ்விளநீர் மரம்.

நான் வந்ததே அந்த மரத்தைப் பார்க்கத்தான். அந்த வீட்டு அக்கா உறவுக்காரர் ஒருவர் வழியாகப் பழக்கம். "மரம் கறுத்துப்போச்சுப்பா. வெட்டிடலாமான்னு இருக்கேன். வெட்டினா அந்த இடத்துல எந்தக் கன்னு வெச்சா இந்தச் சனியன் வராதுன்னு யாரையாவது கேட்டுச் சொல்லு" என்று போனில் சொல்லியிருந்தார். கேட்டுச் சொல்வதைவிடப் பார்த்துச் சொல்வது மேல் என்று சிவாஜிநகரில் பஸ் ஏறிவிட்டேன்.

வாசலில் நின்றபடியே அக்கா காரணத்தையும் சொன்னார். "எல்லாம் ஈஜிபுரா மேம்பாலத் தூசி." 2017இல் ஆரம்பித்த மேம்பால வேலை, வருஷக்கணக்காக வெறும் தூணாகவே நின்று அந்தப் பக்கத்து மக்களின் பொறுமையைச் சோதித்தது. இந்தப் பகுதியில் எது கெட்டாலும் பழியை அதன் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னொரு காரணம் வைத்திருந்தார்: மொபைல் டவர். எதிரே மூன்றாம் மாடியில் டவர் இருந்தது என்னவோ உண்மை.

மரம் பத்து வயதுக்காரக் குட்டை. அடிமட்டைகள் கைக்கு எட்டின. ஓர் ஓலையின் மேல்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தேன். தூசியாக இருந்தால் பொடியாக வரும். இது மெல்லிய கறுப்புத் தோலாக உரிந்து வந்தது. அடியில் ஓலை பச்சையாகவே இருந்தது. விரலில் பிசுபிசுப்பு. கரும்பூசணம். ஓலையைத் திருப்பினேன். நான் எதிர்பார்த்த வெள்ளை இந்த மட்டையில் அவ்வளவாக இல்லை. அதற்கு நேர் மேலே இருந்த மட்டையை எட்டி வளைத்துத் திருப்பியபோது சின்னதாக ஒரு வெள்ளைப் புகை கிளம்பி மறுபடி ஓலையிலேயே போய் உட்கார்ந்தது.

இதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கறுப்பு ஒரு மட்டையில்; அதற்குக் காரணமானது அதற்கு மேல் மட்டையின் அடியில். மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி, தனக்கு வேண்டாத சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகக் கழிக்கிறது. அது கீழ் மட்டையின் மேல் விழுகிறது, அதில் பூசணம் வளர்கிறது. மரத்தடியில் இருந்த கொய்யாவும், அதற்கடியில் துளசித் தொட்டியும், தெருவும், தெருவில் நிறுத்துகிற காரும் கறுப்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான். கறுத்த மட்டைகளை மட்டும் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார் அக்கா. பூச்சி மேலே நிம்மதியாக இருந்தது.

பையில் பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று உண்டு. வளைத்த மட்டையிலிருந்து ஒரு கீற்றைக் கிள்ளி, திண்ணையில் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மெழுகு, அவசரத்தில் போட்ட கம்பிக்கோலம் போலச் சுருள் சுருளாக. ஒவ்வொரு சுருளும் ஒரு தாய்ப்பூச்சி சுற்றிச் சுற்றி முட்டையிட்ட தடம். மெழுகுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் தட்டையான குஞ்சுகள், உடம்பிலிருந்து கண்ணாடி இழைபோல மெழுகு நூல் நீண்டிருக்க, நகராமல் ஒட்டிக் கிடந்தன. வளர்ந்த பூச்சி இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். கத்தரிச் செடியில் நாம் பார்க்கிற வெள்ளை ஈயைவிடப் பெரிது, சோம்பேறியும்கூட. விரலால் தள்ளினால்தான் எழுந்தது. இறக்கையில் ஒழுங்கற்ற பழுப்புப் பட்டைகள். ஒரு கீற்றின் ஒரு பாதியில் சுருள்களை எண்ணத் தொடங்கி முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியிருந்தது.

இதன் பெயர் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. பெலீஸ் நாட்டுத் தென்னையில் எடுத்த பூச்சியை வைத்து 2004இல்தான் அறிவியலில் பெயரே வைத்தார்கள். 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது 2016இல், பொள்ளாச்சித் தோப்புகளில். கேரளத்திலும் அதே காலம். அங்கிருந்து கர்நாடகம், ஆந்திரம் என்று சில வருஷத்துக்குள் தென்னை இருக்கிற இடமெல்லாம் இருந்தது. கன்று ஏற்றுகிற லாரி, வாழைக்கட்டு, அழகுச் செடி என எதில் ஒட்டிக்கொண்டும் வரும். தென்னை மட்டுமல்லாமல் வாழை, கொய்யா, சீத்தா, மா என்று பல மரத்திலும் பிழைக்கும். இந்தப் பூச்சி இந்தியாவுக்கு வந்துவிட்டதை ஆராய்ந்து எழுதியவர்களில் பெங்களூரு மல்லேஸ்வரத்து மர அறிவியல் நிறுவனத்தாரும் உண்டு. அதன்மேல் வேலை செய்கிற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஹெப்பாளில் இருக்கிறது. விவேக் நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேர டிராஃபிக் தூரம்.

நான் சுருளைக் காட்டியதும் அக்கா மேம்பாலத்தை மன்னித்துவிட்டார். ஆனால் அடுத்த தீர்ப்பு தயாராக இருந்தது. "இது இந்தச் செவ்விளநீர்க்குத்தான் வருது. அதோ பாரு நாட்டு மரம், ஒண்ணுமில்ல." அவர் கை காட்டிய திசையில், பின் தெருவில், மாடி வீடுகளுக்கு மேலே எழும்பி நின்றது ஒரு நெட்டை. நாற்பது அடிக்குக் குறையாது. வீட்டைக் கட்டுவதற்கு முன்பே இருந்த மரமாம். கீழிருந்து பார்க்கக் கொண்டை பச்சைப்பசேலென்று இருந்தது.

குட்டை ரகங்களிலும் வீரிய ஒட்டுகளிலும் இந்த ஈயின் தாக்குதல் கூடுதல், நெட்டையில் குறைவு என்றுதான் ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை, மலேசிய மஞ்சள் குட்டை இரண்டும் அந்தப் பட்டியலில் முன்வரிசை. அக்காவின் மரம் முதல் வகை. அதனால் அவர் சொன்னது தப்பில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்தியது. குட்டையின் ஓலை மூக்குக்கு நேரே தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். நாற்பது அடி உயரத்து ஓலையின் அடிப்பக்கத்தை யார் பார்த்தார்கள்? "ஒண்ணுமில்ல" என்பது இல்லாததாலா, தெரியாததாலா?

பின் தெருவுக்கு நடந்தேன். வழியில் பூக்காரம்மா முழம் 40 ரூபாய் என்று ஆலயத்துக்குப் போகிறவர்களிடம் விற்றுக்கொண்டிருந்தார். மல்லி வாசத்தோடு எங்கேயோ மட்டன் பிரியாணி தம் போடுகிற வாசமும் சேர்ந்து வந்தது. நெட்டை நிற்கும் வீட்டைத் தாண்டி ஒரு நாலு மாடிக் கட்டடம். மரத்தின் மட்டைகள் அதன் மொட்டை மாடிச் சுவரில் உரசிக்கொண்டிருப்பது கீழேயிருந்தே தெரிந்தது. காவல்காரரிடம் தென்னோலையைப் பார்க்க மாடிக்குப் போக வேண்டும் என்று சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தார். தமிழ்தான், தருமபுரிப் பக்கம். "ஓனருக்கு போன் போடுறேன் சார்" என்று போட்டு, "தென்னை மரம் டாக்டர் வந்திருக்காரு" என்று கன்னடத்தில் சொன்னார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிட்டது. மேலே ஏறினால் தண்ணீர் டேங்க், காய்கிற துணி, ஒடிந்த நாற்காலி. தெற்கே கோரமங்களாவின் கண்ணாடிக் கட்டடங்கள், கிட்டத்தில் தகரக் கூரைகளுக்கு நடுவே எண்ணினால் பதினைந்து தென்னைக்குக் குறையாது. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் விவேக் நகரில் இத்தனை தென்னை இருப்பதே தெரிகிறது. சுவருக்கு மேல் சாய்ந்திருந்த மட்டையை இழுத்துத் திருப்பினேன்.

இருந்தது. நாட்டு மரத்திலும் இருந்தது.

ஆனால் கணக்கு வேறு. முதல் கீற்றில் நாலு சுருள். அடுத்ததில் ஏழு. அதற்கடுத்த இரண்டு கீற்றுகளில் ஒன்றுமே இல்லை. எட்டுகிற மட்டைகள் மூன்றிலும் தேடியதில் அதிகபட்சம் ஒரு கீற்றில் பதினொன்று. கீழ் மட்டைகளின் மேல்பக்கத்தில் கறுப்பு திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. கறுப்புத் தோல் உரிகிற அளவுக்கு இல்லை. காவல்காரர் தானும் ஒரு கீற்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இத்தனை வருஷமா இங்க நிக்கிறேன், இது தெரியாதே" என்றார். கீழேயிருந்து தெரியாதுதான். விழுகிற சொட்டும் நாற்பது அடியில் காற்றில் சிதறிவிடுவதால் தெருவும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆக நெட்டைக்கு வராது என்பது சரியில்லை. நெட்டைக்குக் குறைவாக வருகிறது, வந்ததும் கண்ணில் படுவதில்லை.

இதே கேள்வியை இத்தாலியில் வேறொரு மரத்தை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். செஸ்நட் என்கிற கொட்டை மரம் அங்கே மலைக் கிராமங்களின் பழைய சாப்பாடு; மாவாக அரைத்து ரொட்டிகூடச் சுட்டிருக்கிறார்கள். சீனாவைச் சேர்ந்த ஒரு குட்டிக் குளவி 2002இல் பீட்மாண்ட் பகுதியில் வந்து இறங்கி, அதன் மொட்டுகளுக்குள் முட்டையிட்டுத் தளிரையெல்லாம் கட்டி கட்டியாக வீங்க வைத்தது. ரகத்துக்கு ரகம் பாதிப்பு மாறுபட்டது. பிரான்ஸில் ஐரோப்பிய, ஜப்பானிய மரங்களைக் கலந்து உண்டாக்கிய 'பூஷ் த பெதிசாக்' என்ற ரகம் மட்டும் அசரவில்லை. குளவி அதிலும் முட்டையிடும். ஆனால் மொட்டு விரியும்போது அந்த இடத்துத் திசு தானே மடிந்து உள்ளே இருக்கிற புழுவையும் சாகடித்துவிடும். அப்படியொரு தென்னை நமக்கு இல்லை. குறைவாகப் பாதிக்கப்படுவது, கூடுதலாகப் பாதிக்கப்படுவது என்ற வித்தியாசம்தான் உண்டு. அக்கா கேட்ட "வராத கன்னு" எந்தக் கடையிலும் கிடையாது என்பது மொட்டை மாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. குட்டைத் தென்னை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அதனால் ஒரு சாவக்காட்டு ஆரஞ்சு மரத்துக்கும் இன்னொன்றுக்கும் அதிக வேற்றுமை இருக்காது. நெட்டை அப்படியில்லை, அயல் மரத்து மகரந்தம் வேண்டும். ஒவ்வொரு நெட்டையும் அதன் தாய்மரத்திலிருந்தும் பக்கத்து மரத்திலிருந்தும் கொஞ்சம் மாறுபட்டது. ஆகவே இந்த மாடியோர மரத்தில் பதினொன்று என்றால் அடுத்த தெரு நெட்டையிலும் அதே பதினொன்றை எதிர்பார்க்க முடியாது. கொப்பரைக்குப் பேர்போன திப்தூர் நெட்டையா, கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசம்பட்டி நெட்டையா என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "எங்க அப்பா வெச்சது" என்றுதான் பதில் வரும்.

மாடியிலிருந்து இறங்கி வண்ணார்பேட்டை பக்கம் நடந்தேன். வழியில் இரண்டு மரங்கள் என்னை நிறுத்தின. முதலாவது, வாங்கும்போதே "ஹைபிரிட்" என்று சொல்லிக் கொடுத்த மரமாம். பச்சைக் காய். தாக்குதல் அக்கா வீட்டு மரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, நெட்டையைவிட நிறைய. சுவரெல்லாம் கறுப்பு ஒழுகியிருந்தது. எதிர்பார்த்ததுதான், தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டாவதுதான் என் கணக்கைக் குழப்பியது. மஞ்சள் குட்டை. பட்டியலில் முன்வரிசைக்காரன். ஏற வேண்டாம், எட்டிப் பிடித்தாலே குலை. ஓலையின் மேல்பக்கம் சுத்தமாக இருந்தது. திருப்பினால், பழைய சுருள்களின் மங்கிய தடம், அங்கங்கே கொஞ்சம் குஞ்சு. கீற்றுக்கு ஐந்தாறுக்கு மேல் இல்லை. காரணம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தது. எழுபது வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர், கையில் ஓஸ் பைப்.

"டெய்லி சாயந்திரம் மாடிச் செடிக்குத் தண்ணி அடிப்பேன். அப்படியே இதுக்கும் அடியிலேர்ந்து மேல பாத்து ரெண்டு நிமிஷம் அடிப்பேன். பேத்திக்கு வேடிக்கை."

"எதுக்குன்னு தெரிஞ்சா அடிக்கிறீங்க?"

"வெள்ளையா இருந்துச்சு. கழுவினேன்."

ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வதும் இதையேதான். விசையாகத் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் படும்படி அடித்தால் முட்டையும் குஞ்சும் கழன்று போகும். கோடையில் ஏறுகிற ஈ, நல்ல மழைக்குப் பிறகு தணிவதும் இந்த வகையில்தான். பெங்களூரில் மார்ச் மாதத்தில் மரத்துக்குத் தண்ணீர் அடிப்பது சாதாரண விஷயமில்லை. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. தாத்தா அடிப்பது ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீர். நீல டிரம் ஒன்றில் சேர்த்து வைத்து, சின்ன மோட்டாரில் ஏற்றுகிறார். ரகம் சொல்கிற கணக்கை இந்த ஒரு டிரம் மாற்றியிருந்தது.

அக்கா வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மூலையில் சைக்கிள் வண்டிக்காரரிடம் இளநீர் 70 ரூபாய். மத்தூரிலிருந்து வருகிற காய். "அங்கேயும் மரமெல்லாம் இப்படித்தான் சார், இன்னொரு மாதிரி கறுப்புப் பூச்சியும் சேர்ந்துடுச்சு" என்றார். சொன்னவர் வியாபாரி, விலைக்குக் காரணம் தேடுகிறார் என்று தள்ளிவிடலாம். ஆனால் மத்தூர் இருக்கிற மண்டியா மாவட்டத்தில்தான் 2019இல் தென்னையைத் தாக்கும் இன்னொரு அயல்நாட்டு வெள்ளை ஈயை இந்தியாவில் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் குஞ்சு கறுப்பாக, சுற்றிலும் வெள்ளை மெழுகு விளிம்போடு இருக்கும். அதனால் அவரைக் கொஞ்சம் நம்பினேன். வழுக்கை நன்றாகவே இருந்தது.

அக்கா வீட்டு வாசலில் ஓர் இளைஞர் காத்திருந்தார். தோளில் பை, கையில் அட்டை. பூச்சி மருந்துக்காரர். மரத்தின் வேரில் ஒன்றைத் தேடி வெட்டி, மருந்துப் பையைக் கட்டிவிட்டால் மரமே உறிஞ்சிக்கொள்ளும், பத்தே நாளில் பூச்சி உதிரும், மரத்துக்கு 600 ரூபாய் என்றார். என்ன மருந்து என்று கேட்டேன். "கம்பெனி மருந்து சார்." அதற்குமேல் பெயர் வரவில்லை. மரம் உறிஞ்சினால் இளநீரிலும் வருமே என்றதற்கு, "ஒண்ணும் ஆகாது, ஒரு மாசம் பறிக்காதீங்க" என்றார். ஒன்றும் ஆகாதென்றால் ஒரு மாதம் எதற்கு?

நான் காலையில் கிள்ளிய கீற்று திண்ணையில் அப்படியே கிடந்தது. லென்ஸை அந்த இளைஞரிடமே கொடுத்தேன். வெள்ளை ஈ வளர்ந்து வெளியேறிய கூடு, முதுகில் ஆங்கில 'டி' எழுத்துபோலப் பிளந்திருக்கும். சில கூடுகளில் அந்தப் பிளவு இல்லை. அதற்குப் பதிலாக, ஊசியால் குத்தியது மாதிரி சுத்தமான வட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வந்தது ஈ இல்லை. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று வளர்ந்த என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதை யாரும் விமானத்தில் வரவழைக்கவில்லை. 1993இல் கேரளத்துக்கு வந்த பழைய சுருள் வெள்ளை ஈயைத் தேடிக்கொண்டு, 2000 வாக்கில் தானாகவே இங்கே தென்பட்டது. பதினாறு வருஷம் கழித்துப் புது ஈ வந்தபோது அதற்கும் தாவிவிட்டது. பப்பாளியின் மாவுப்பூச்சி 2008இல் கோவையில் பரவியபோது நிலைமை வேறு. அதற்கு எதிரிக் குளவியை 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து முன்னே சொன்ன ஹெப்பாள் பணியகம்தான் தருவித்தது. இத்தாலிக்காரர்களும் செஸ்நட்டுக்கு ரகத்தை மட்டும் நம்பி உட்காரவில்லை. 2005இல் ஜப்பானிலிருந்து எதிரிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

அக்கா மரத்துக் கீற்றில் நான் பார்த்த காலிக் கூடுகளில் ஏறக்குறைய பாதிக்கு வட்ட ஓட்டை. நெட்டையிலிருந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த கீற்றில் கூடுகளே குறைவு, ஆனால் அதிலும் ஓட்டை இருந்தது. குளவி ரகம் பார்ப்பதாகத் தெரியவில்லை. கண்ட மருந்தை ஓலையில் அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். இந்த ஈக்கு ரசாயனப் பூச்சிமருந்து வேண்டாம் என்று அறிவியலாளர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது அதற்காகத்தான். இளைஞர் நெடுநேரம் லென்ஸில் பார்த்தார். பிறகு, "எலி மருந்து வேணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"சரி, வெட்டுறது வெட்டுறதுதான். காரெல்லாம் நாறுதுன்னு எதிர்வீட்ல சண்டைக்கு வர்றாங்க" என்றார் அக்கா. மரம் தெருவுக்குள் சாய்ந்திருந்தது வேறு. அதைப் பேசிப் பயனில்லை. புதுக் கன்று காம்பவுண்டுக்குள் நாலடி தள்ளி வைப்பது என்று முடிவானது. ஆட்டோ பிடித்தோம், லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளுக்கு. மீட்டர் 90 காட்டியது, கேட்டது 150.

நர்சரியில் தென்னங்கன்றுகள் நாலு வரிசை. சிவப்புக் குட்டை 250, நாட்டுக் கன்று 200, ஹைபிரிட் 450. "ஹைபிரிட்டுக்கு நோயே வராது, மூணு வருஷத்துல காய், நெட்டையோட பலம்" என்று கடைக்காரர் மூச்சுவிடாமல் சொன்னார். தென்னையில் குட்டையையும் நெட்டையையும் கலப்பது நேற்று வந்த வித்தை இல்லை. கேரளத்து நீலேஸ்வரத்தில் 1932லேயே ஜே.எஸ். படேல் என்ற ஆராய்ச்சியாளர் செய்து பார்த்துவிட்டார், உலகத்திலேயே முதலாவது. கலப்பினக் கன்று சீக்கிரம் காய்க்கும், நிறையக் காய்க்கும் என்பதெல்லாம் சரிதான். நோயே வராது என்பதற்கு வண்ணார்பேட்டைச் சுவரே சாட்சி.

குனிந்து கன்றுகளைப் பார்த்தேன். செவ்விளநீர் மரத்தைத் தாயாக வைத்து நெட்டையோடு கலந்தால், கலந்த கன்றின் இலைக்காம்பு பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் வரும். கலப்பு நடக்காமல் தாய்மரம் தன் மகரந்தத்திலேயே காய்த்த கன்றென்றால் காம்பு நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாற்றங்காலில் கன்று பிரிக்கிறவர்கள் இதை வைத்துத்தான் பிரிப்பார்கள். 450 ரூபாய் வரிசையில் இருந்த இருபது சொச்சம் கன்றில் நாலைந்து பழுப்புக் காம்பு. மீதியெல்லாம் பளிச்சென்று ஆரஞ்சு, 250 ரூபாய் வரிசையில் இருந்ததற்கும் இதற்கும் துளி வித்தியாசம் கிடையாது.

அக்காவிடம் காதோடு சொன்னேன். அவர் கடைக்காரரிடம் சத்தமாகக் கேட்டார். "ஏன்ணா, இதுவும் அதுவும் ஒரே கலர் காம்பா இருக்கே?"

கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், லோடு எறக்கறப்ப பசங்க மாத்தி வெச்சிருப்பாங்க."

நான் நாட்டுக் கன்று பக்கம் கை காட்டினேன். ஈ குறைவு, எண்பது வருஷம் நிற்கும். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காய்க்க ஏழு வருஷம் ஆகும். அப்புறம் ஏற ஆள் வேணும். ஒரு மரம் ஏற 150 கேக்குறான், அதுவும் வர்றேன் வர்றேன்னு வரமாட்டான். தலையில தேங்கா விழுந்தா யார் பாக்குறது?" 30க்கு 40 மனையில், அடுத்த வீட்டு ஜன்னல் ஆறடியில் இருக்கும்போது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆராய்ச்சி நிலையம் நெட்டையைச் சொல்லலாம். மனையின் அளவு குட்டையைச் சொல்கிறது.

பிறகு 450 வரிசையிலேயே நல்ல தடித்த ஆரஞ்சுக் காம்பாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 250க்குப் பேசி, கடைசியில் 230க்கு முடித்தார். ஆட்டோவில் ஏற்றும்போது ஓலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அந்தத் தாத்தா மோட்டார் எத்தனை எச்.பி.ன்னு கேட்டியா?"